விஜயதசமி அன்று ஒளிர்ந்த உயிரணுக்கள்

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய கட்டுரை இது. எனக்கு முப்பது வயது தாண்டி அதிக நாள் ஆகவில்லை. ஆனாலும் ஆய்வகத்தைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். இனி அந்தப் பக்கம் வேலைக்குப் போகப்போவதில்லை.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு ஜூனியர் போன் செய்தான். நான் ஆராய்ச்சி செய்த அதே வேதியியல் துறையில் இப்போது இருப்பவன்.

"அண்ணா, பழைய ஃப்ளோரசன்ஸ் மெஷின கண்டம் பண்ணித் தூக்கப் போறாங்க. புதுசு வந்துடுச்சு. பொத்தான அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தா ரிசல்ட் ரெடியா இருக்குது. பழசுல ஜாஸ்தி வருஷம் உக்காந்தது நீங்கதானாமே? துறை மலருக்கு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ஜாலியா இருக்கட்டும்."

ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வந்ததை எழுதுகிறேன். மலரில் போட முடியாவிட்டால் அவனாவது படித்துக்கொள்ளட்டும்.

நான் காடாம்புலியூர்க்காரன். அப்பாவும் அம்மாவும் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறி முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். பண்ருட்டியில் பள்ளிப் படிப்பு, கடலூரில் பி.எஸ்சி., பிறகு சிதம்பரத்தில் எம்.எஸ்சி. 2004-இல் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தபோது அம்மா கேட்டார்: "அங்க என்னாடா வேல?"

"கண்ணுக்குத் தெரியாதத வெளிச்சம் போட்டுத் தெரியவெக்கற வேலம்மா."

"பேய் ஓட்றவன் பண்றதும் அதான். அதுக்கா இத்தினி வருசம் படிச்ச?"

அம்மா கேட்டது கேலிக்குத்தான். ஆனால் எங்கள் வேலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. உயிருள்ள ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் துத்தநாகம், செம்பு, இரும்பு என்று உலோகங்கள் கரைந்த நிலையில் துளித்துளியாக இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காக ஒரு சின்ன மூலக்கூறை நாங்களே கட்டுவோம். அதன் ஒரு முனை விளக்கு, இன்னொரு முனை கை. சாதாரண நேரத்தில் அந்தக் கை விளக்கைப் பொத்திக்கொண்டிருக்கும். துத்தநாகம் வந்து கைக்குள் உட்கார்ந்தால் கைக்கு வேறு வேலை வந்துவிடும், விளக்கு எரியும். எரிகிற இடமெல்லாம் துத்தநாகம் இருக்கிற இடம். இதை உணரி என்று எழுதுவோம், பேச்சில் புரோப் என்போம். கட்டுவது ஒரு கஷ்டம். கட்டியது கண்ணாடிக் குழலில் எரிவது இன்னொரு கஷ்டம். உயிரணுவுக்குள் போய் எரிவது இதையெல்லாம் விடப் பெரிய கஷ்டம். அங்கேதான் பெரும்பாலான மூலக்கூறுகள் செத்தன.

எங்கள் வழிகாட்டி பேராசிரியர் தெய்வசிகாமணி சார். ஒல்லியான மனிதர். முழுக்கை வெளிர்நீலச் சட்டைதான் எப்போதும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு செய்தவனிடம் "அப்படியா" என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்ததில்லை.

ஒளிர்வு அளக்கும் அறை என் பொறுப்பில் வந்தது. அங்கே எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு சார் வைத்திருந்த முறைகள் இன்னும் என் கையில் இருக்கின்றன. விளக்கைப் போட்டதும் அளக்கக்கூடாது, அது சூடாகி ஒரு நிலைக்கு வரும்வரை சும்மா உட்கார வேண்டும். குவார்ட்ஸ் குழலின் நான்கு பக்கமும் ஒளி போகிற பக்கம், அதனால் மேல் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். லென்ஸ் துடைக்கும் தாளை மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் இழுக்க வேண்டும், திருப்பித் தேய்க்கக்கூடாது. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எந்த அளவையும் காட்டப் போனால் சார் முதலில் அதைப் பார்க்கவே மாட்டார்.

"பிளாங்க் என்ன சொல்லுது?" என்பார்.

பிளாங்க் என்றால் உணரி போடாத வெறும் கரைசல். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதன் வெளிச்சத்துக்கு மதிப்பு. பிளாங்க் இல்லாமல் போனவனுக்கு 'அப்படியா' கிடைக்கும்.

முதல் வருடமே எனக்குக் கிடைத்தது. என் மூலக்கூறு ஒருநாள் திடீரென்று நீலமாக எரிந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். பிளாங்க் எடுத்து வரச் சொன்னார். அதுவும் நீலமாக எரிந்தது. சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை புதுசாப்பா?"

"ஆமா சார். வெள்ளச் சட்டை. பொங்கலுக்கு எடுத்தது."

"வெள்ளத் துணியில, சோப்புத்தூள்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியறதுக்குன்னு ஒண்ணு போடறாங்க. அது நல்லா ஒளிரும். கையில இருந்து நூல் தூசி விழுந்திருக்கு." குழலை என்னிடமே நீட்டி, "நீ ஒன் சட்டைய அளந்துட்டு வந்திருக்க. அப்படியா" என்றார்.

அன்றிலிருந்து நானும் வெளிர்நீலத்துக்கு மாறினேன்.

இவ்வளவு கறாரான சாருக்கு வருடத்தில் ஒருநாள் வேறு முகம் உண்டு. ஆயுத பூஜை. அன்று காலையில் வீட்டிலிருந்தே மஞ்சளைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வருவார். அறை அறையாகப் போவார். மெஷின், தராசு, அடுப்பு, பம்ப், கரைப்பான் புட்டிகள் என்று அந்த வருடம் உழைத்த எல்லாவற்றுக்கும் மோதிர விரலால் மஞ்சள் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். அதிலும் கவனம்தான். கண்ணாடிப் பாகத்தில் படவே படாது. மூடிக்கு, கைப்பிடிக்கு, பெட்டியின் மூலைக்கு என்று இடம் பார்த்துத்தான் வைப்பார். "நமக்கு சம்பளம் வருதில்ல, இதுங்களுக்கு என்ன வருது? ஒரு பொட்டாவது வரட்டும்" என்பார். மறுநாள் விஜயதசமி. விடுமுறைதான். ஆனாலும் பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு சின்ன வேலையாவது தொடங்க வேண்டும் என்பது துறையில் எழுதாத சட்டம்.

ஜெசிந்தா அக்காவைப் பற்றி இனிமேல்தான் எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

ஜெசிந்தா அக்கா எனக்கு இரண்டு வருடம் சீனியர். கடலூர் முதுநகர்ப் பொண்ணு. அவருடைய அப்பா அந்தோணிசாமி துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் ரிப்பேர் செய்பவர். அக்கா தினமும் காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் பஸ்ஸில் போவார். அவருடைய உணரி எங்கள் ஆய்வகத்திலேயே நல்ல உணரி. கண்ணாடிக் குழலில் துத்தநாகம் ஒரு சொட்டு விட்டால் போதும், பச்சையாகப் பொங்கும். அளந்தது நான்தான். அதில் குறையே இல்லை. இனி அது உயிரணுவுக்குள் எரிந்து ஒரு படம் வர வேண்டும். படம் வந்தால் ஒரு கட்டுரை வெளியாகும். கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விடுவார்கள். அவருடைய பதிவுக்காலத்தை ஏற்கெனவே நீட்டித்தாகிவிட்டது, இனி ஒருமுறைதான் நீட்டிக்க முடியும். கடலூரில் ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்தோடு வந்தால் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு படத்தில் எல்லாம் நின்றது.

உயிரணுப் படம் எடுக்கும் நுண்ணோக்கி எங்களிடம் இல்லை. பக்கத்து உயிரியல் துறையில் இருந்தது. அதை ஓட்டியவன் செந்தில், என் விடுதி நண்பன். அவனிடம் முறை வாங்குவதற்கு எங்கள் ஊர் ரேஷன் கடையே மேல். 2008-இல் ஒருவழியாக ஒரு நாள் கிடைத்தது. பிளாங்க் படங்களை எடுத்து முடித்தோம். எல்லாம் கறுப்பு, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. உணரி போட்ட தட்டை எடுத்து வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உயிரணுக்கள் காத்திருக்காது. அன்றைய தட்டு வீணானது.

"அடுத்த வாரம் விஜயதசமிக்கு வாங்க" என்றான் செந்தில். "எவனும் வரமாட்டான். மெஷினு சும்மாதான் கெடக்கும்."

ஆயுத பூஜை அன்று சார் கிண்ணத்தோடு எங்கள் அறைக்கு வந்தார். ஜெசிந்தா அக்காவின் மேஜையில் அவருடைய கரைப்பான் புட்டி இருந்தது. டி.எம்.எஸ்.ஓ. என்று சொல்வோம். உணரியை அதில் கரைத்துத்தான் உயிரணுத் தட்டில் சொட்டு விட வேண்டும். சார் தயங்கினார்.

"ஏம்மா, ஒங்க புட்டிக்கு வெக்கலாமா? நீங்க வேதக்காரங்களாச்சே..."

"வைங்க சார். இந்த வருஷம் எனக்கு எல்லா சாமியும் வேணும்."

எல்லோரும் சிரித்தோம். சார் மூடியின் ஓரத்தில் மஞ்சள் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. டி.எம்.எஸ்.ஓ.வுக்கு ஒரு குணம், ஏசி அறைக் குளிரிலேயே கட்டியாக உறைந்துவிடும். புட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித்தான் உருக்குவோம். அக்கா அப்படித்தான் உருக்கினார். திறந்தார், சின்னக் குப்பியில் சாய்த்தார், உணரியைக் கரைத்தார், உயிரணுத் தட்டில் சொட்டு விட்டார். கதகதப்பில் வைத்து, கழுவி, துத்தநாகக் கரைசல் சேர்த்து, திரும்பவும் கழுவி நுண்ணோக்கியின் கீழே வைத்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே கறுப்புத் திரையை இழுத்துவிட்டு செந்தில் விளக்கைத் தட்டினான்.

கணினித் திரை முழுக்கப் பச்சை. ஒவ்வோர் உயிரணுவும் தனித்தனியாக எரிந்தது. நடுவில் கரு மட்டும் இருட்டாக, சுற்றிலும் பச்சை. அப்படி ஒரு படத்தை நான் வெளிநாட்டுப் பத்திரிகைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

"யக்கா, ட்ரீட்டு" என்றான் செந்தில்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, "வேலு, சார்க்குப் போன் போடு" என்றார். சார் போனில் முதலில் கேட்டது, "பிளாங்க் என்ன சொல்லுது?" என்றுதான். "கறுப்பு சார், போன வாரமே எடுத்தாச்சு" என்றேன். "அப்ப சரி" என்றார். அவருடைய வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். கட்டுரை எழுதி அனுப்பினோம். சில மாதங்களில் பதில் வந்தது. நல்ல வேலை என்று சொல்லிவிட்டு மதிப்பீட்டாளர் ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தார். கறுப்புப் படமும் பச்சைப் படமும் ஒரே நாளில் எடுத்தவையா என்று தெரியவில்லை, ஒரே நாளில் எடுத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று.

"நியாயந்தானே" என்றார் சார். "ஒரு நாள் வேல."

ஒரு நாள் வேலை அடுத்த விஜயதசமி வரை இழுத்தது.

பழைய டி.எம்.எஸ்.ஓ. புட்டி தீர்ந்துபோய்ப் புதுப் புட்டி வாங்கியிருந்தோம். உயிரணுக்கள் வளர்த்து, சொட்டு விட்டு, கழுவி, வைத்துப் பார்த்தோம். பிளாங்க் கறுப்பு. உணரி போட்டதும் கறுப்பு. உயிரணு கெட்டுவிட்டது என்று நினைத்தோம், புது உயிரணு வாங்கினோம். கறுப்பு. உணரி பழசாகிவிட்டது என்று அக்கா முதலிலிருந்து திரும்பக் கட்டினார். ஏழெட்டுப் படிகள், ஒவ்வொன்றும் நாள்கணக்கு. கண்ணாடிக் குழலில் என்னிடம் கொண்டுவந்தால் பொங்கியது. உயிரணுவில் கறுப்பு. சூட்டை மாற்றினோம், நேரத்தை மாற்றினோம், துத்தநாகத்தைக் கூட்டினோம். செந்தில் நுண்ணோக்கியின் விளக்கைக்கூட மாற்றிவிட்டான்.

"அன்னைக்கு எரிஞ்சது வேலு. நீ பாத்த இல்ல?" என்று அக்கா என்னைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

"பாத்தேங்க்கா."

"செந்திலும் பாத்தான் இல்ல?"

"எல்லாருந்தாங்க்கா பாத்தோம்."

மத்தியானச் சாப்பாட்டை அவர் நிறுத்திக்கொண்டது அந்த மாதங்களில்தான். பஸ்ஸில் தூங்கிவிட்டுச் சிதம்பரம் தாண்டிச் சீர்காழி போய் இறங்கி வேறு பஸ் பிடித்துத் திரும்பி வருவார். வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் "படம் வரட்டும்பா" என்பாராம். படம் ஏற்கெனவே வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, இன்னும் எந்தப் படம் என்று அவருடைய அப்பாவுக்குப் புரியவில்லையாம். கடைசி நீட்டிப்பும் டிசம்பரோடு முடிகிறது. சாருக்கும் அடுத்த ஜூனில் ஓய்வு.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சார் கிண்ணத்தோடு வந்தபோது அக்கா தானே எழுந்து புட்டியை நீட்டினார்.

"போன வருஷம் வெச்ச எடத்துலயே வைங்க சார்."

அந்தக் குரலைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. சார் அதே ஓரத்தில் வைத்தார்.

விஜயதசமி அன்று எல்லாம் அதேபோல் செய்ய வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். அதே ஆட்கள், அதே வேளை, போன வருடம் உடுத்திய அதே சுடிதார். ஆய்வகத்தில் இப்படியெல்லாம் செய்வது தப்பு என்று எங்கள் மூவருக்குமே தெரியும். ஆனால் மாதக்கணக்கில் கறுப்பையே பார்த்தவர்களுக்கு வேறு என்ன மிச்சம்? புட்டியை உள்ளங்கையில் உருட்டி உருக்கினார். இந்தத் தடவை பிளாங்க் தட்டும் உணரித் தட்டும் ஒன்றாகவே தயார் செய்தோம். வெறும் டி.எம்.எஸ்.ஓ. சொட்டிய தட்டு பிளாங்க். உணரி கரைத்த டி.எம்.எஸ்.ஓ. சொட்டியது இன்னொன்று.

சாரும் வந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்றார்.

உணரித் தட்டை முதலில் வைத்தான் செந்தில். விளக்கைத் தட்டினான்.

பச்சை.

அக்கா அழுதார். சத்தம் போட்டு அழுதார். "வந்துடுச்சு சார், வந்துடுச்சு சார்" என்று அதையே சொன்னார். செந்தில் என் முதுகில் அடித்தான். நானும் ஏதோ கத்தினேன். சார் மட்டும் திரையைப் பார்த்தபடி, "பிளாங்க் என்ன சொல்லுது?" என்றார்.

செந்தில் தட்டை மாற்றினான்.

பச்சை.

அதே பச்சை. ஒவ்வோர் உயிரணுவும் தனித்தனியாக, கரு இருட்டாக. எதை எடுத்து எதை வைத்தோம் என்று குழம்பிப்போய் செந்தில் மூடியில் எழுதியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிளாங்க்தான். உணரி ஒரு சொட்டுகூட இல்லாத தட்டு.

நான் என் அறைக்குப் போய்ப் புற ஊதா விளக்குப் பெட்டியை எடுத்து வந்தேன். மேஜையில் வைத்து, அக்காவின் டி.எம்.எஸ்.ஓ. புட்டியை அதற்குள் வைத்து எல்லோரும் பார்க்கும்படி விளக்கைப் போட்டேன். புட்டியின் கழுத்தில், மூடி திருகும் புரிகளில், மஞ்சளும் பச்சையும் கலந்த வளையம் ஒன்று எரிந்தது. அதிலிருந்து ஒரு கோடு கண்ணாடி மேல் வழிந்து இறங்கியிருந்தது.

மஞ்சளுக்குள் இருக்கும் நிறப்பொருள் நன்றாக ஒளிரும். தண்ணீரில் மங்கலாகத்தான் தெரியும். உயிரணுவின் கொழுப்புச் சவ்வில் போய் ஒட்டினால் பச்சையாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் சரியாகக் கரையாத அது டி.எம்.எஸ்.ஓ.வில் கண நேரத்தில் கரையும். புட்டியை உருட்டும்போது பொட்டு கலைந்து கழுத்தில் படிகிறது, சாய்க்கும்போது கரைப்பான் அதைக் கழுவிக்கொண்டு குப்பிக்குள் போகிறது. இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறோம். முதல் வருடத்துக் கறுப்புப் பிளாங்க் பூஜைக்கு முந்தின வாரத்தில் எடுத்தது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த உணரி உயிரணுவுக்குள் ஒருநாளும் போனதே இல்லை.

சார் பெட்டியருகே வந்தார். புட்டியைத் திருப்புவதற்காகக் கையை உள்ளே விட்டார். அவருடைய மோதிர விரலின் நுனி எரிந்தது. விரல் ரேகையெல்லாம் தெரிகிற மாதிரி எரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வெச்சது" என்றார்.

"நான்தான் சார் வெக்கச் சொன்னேன்" என்றார் ஜெசிந்தா அக்கா.

எங்கள் துறைக்குத் திரும்பி வரும் வழியில், கூட வந்த செந்தில்தான் முதலில் வாயைத் திறந்தான். என்னிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "மச்சான், போன வருஷத்துக் கறுப்புப் படம் இருக்குதில்ல? இன்னைக்கு எடுத்த பச்சையோட அதச் சேத்து அனுப்பிச்சா எவனுக்குத் தெரியும்? ஒரே நாளுன்னு எழுதிட்டுப் போங்க. அவுங்க என்னா சிதம்பரம் வந்தா பாக்கப் போறாங்க?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து 'அப்படியா' வரும் என்று காத்திருந்தேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். வேதியியல் துறை வாசல் வந்ததும் நின்றார்.

"ஒங்க வேலம்மா. ஒங்க வருஷங்க. நீங்க என்ன அனுப்பினாலும் நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மாலை வரை இருக்காமல் அக்கா பகலிலேயே பஸ் ஏறிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார். நேராகச் சாருடைய அறைக்குப் போனார். நான் அங்கேதான் ஒரு கையெழுத்துக்காக நின்றிருந்தேன். வெளியே போகட்டுமா என்று கேட்டதற்கு, "இரு வேலு" என்றார்.

"சார், ஆராய்ச்சிக்கு வந்த நாள்லேர்ந்து என்கிட்ட பிளாங்க் என்ன சொல்லுதுன்னு கேக்காம நீங்க ஒரு படத்தக்கூடப் பாத்ததில்ல. அன்னைக்கு வாசல்ல மட்டும் கேக்கல."

சார் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க கேட்டிருந்தா நான் திட்டிக்கிட்டே போயிருப்பேன் சார். கேக்காம விட்டீங்க பாருங்க, அதான் ரெண்டு நாளா தூக்கம் இல்ல. கட்டுரைய வாபஸ் வாங்கிடுங்க."

மேஜையில் துடைத்து வைத்த குவார்ட்ஸ் குழல் ஒன்று இருந்தது. சார் அதன் மேல் விளிம்பைப் பிடித்து எடுத்தார். லென்ஸ் தாளை எடுத்து மேலிருந்து கீழாக இழுத்தார். சுத்தமாக இருந்ததைத் துடைத்தார். நான்கு பக்கமும் துடைத்து முடித்தபின் கணினிப் பக்கம் திரும்பினார். வாபஸ் வாங்கும் மின்னஞ்சலை அவரே ஒற்றை விரலில் தட்டினார். மோதிர விரலில் இன்னும் லேசாக மஞ்சள் இருந்தது.

டிசம்பரில் அக்காவின் பதிவு முடிந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கவில்லை. கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த ஜூனில் சார் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் அவருடைய பிளாங்க் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருடைய மஞ்சள் கிண்ணத்தைப் பற்றி மட்டும் பேசியவர்கள் யாரும் சொல்லவில்லை.

நான் ஆய்வேட்டை முடித்துவிட்டேன். என்னுடையது கண்ணாடிக் குழல் வேலை மட்டும். உயிரணுவுக்குள் போகத் துணியவில்லை, அதனால் தப்பித்தேன். பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மெஷினில் எது எரிந்தாலும் அது உணரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், மூடியைப் பார்த்தேன். வேறு ஊரில் ஆராய்ச்சிப் பணிக்கு அழைப்பு வந்தபோது போகவில்லை. தேர்வு எழுதி, கம்மாபுரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். என் பணிக்காலம் அவ்வளவுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில், புயல் அடித்து ஓய்ந்த சில வாரங்களுக்குப் பிறகு, கடலூர் முதுநகருக்குப் போனேன். எங்கள் ஊரில் முந்திரி மரங்கள் வேரோடு கிடந்தன. அக்கா வீடு என்ன ஆனதோ என்று மனசு கேட்கவில்லை. அவர் இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ எடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டின் ஓடு பாதி போயிருந்தது. மிச்சத்தின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அந்தோணிசாமி மாமா உள்ளே கூப்பிட்டார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சிதம்பரத்துலேர்ந்தா? பாப்பாகூடப் படிச்ச தம்பியா? வாங்க, வாங்க. பாத்தீங்களா இத?"

தண்ணீர் ஊறிய சுவரில் குழந்தை இயேசு படத்துக்குக் கீழே அந்தப் பச்சைப் படம் இருந்தது. சட்டம் போட்டிருந்தார்கள்.

"காத்து அடிச்சப்போ சேர் டேபிளு எல்லாம் போச்சு. இத மட்டும் பொடவையில சுத்திக் கட்டிலுக்கு அடியில வெச்சிட்டேன். பாப்பா புடிச்ச படம். செல்லுக்குள்ள இருக்கற ஜிங்க்காம். நீங்க டாக்டருன்னு சொன்னாளே, நீங்களே சொல்லுங்க தம்பி, லேசுப்பட்டதா இது?"

"ரொம்ப நல்லா வந்திருக்குது மாமா" என்றேன்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். தலையில் இரண்டு மூன்று வெள்ளை முடி. என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துவிட்டு அப்பாவைக் காட்டினார்.

"நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் வேலு. நம்ம அந்த ரெண்டாவது வருஷம் எடுத்தோமே, அந்தப் பிளாங்க் படம், அதையும் பக்கத்துல மாட்டுங்கப்பான்னு. வாங்கிப் பாத்துட்டுப் பீரோல போட்டுட்டாரு."

"பின்ன என்னா தம்பி?" என்றார் மாமா. "அதுவும் இதே பச்ச, இதே உருண்ட. ஒரு வித்தியாசமும் இல்ல. ஒரே மாதிரி ரெண்டு படத்த எவனாவது பக்கத்துல பக்கத்துல மாட்டுவானா?"